செத்தவீட்டுத் தேத்தண்ணிப் பரீட்சை

போன மாதம் கபிலன் தொலைபேசியில் கூப்பிட்டான். நான் பதினொரு வருடம் வேலை செய்துவிட்டு ஓய்வுபெற்ற ஆய்வுகூடத்தில் இப்போது அவன்தான் பெரிய ஆள்.

"அன்ரி, புதுசா ஆறு பேர் ஜொயின் பண்ணியிருக்கினம். டெஸ்ற் லிஸ்ற்றில 'செத்தவீட்டுத் தேத்தண்ணி' எண்டு ஒண்டு இருக்குதெல்லோ, உது என்னெண்டு கேக்கினம். நான் எக்ஸ்ப்ளெயின் பண்ணினா, லைக், ஒருத்தரும் நம்புகினமில்லை. நீங்களே எழுதித் தாங்கோவன்" என்றான்.

எழுதாமல் என்ன? பெருமையடிக்க ஒருவர் வெற்றிலை வைத்து அழைக்கும்போது மாட்டேன் என்று சொல்ல நான் அவ்வளவு அடக்கமானவள் இல்லை. வீட்டு வேலை செய்யும் ரோபோக்களுக்கு யோசிக்கப் பழக்கியவர்களில் நானும் ஒருத்தி. பெயர் மெற்றில்டா. ஊர் மன்னார். கணினியில் எனக்குத் தெரிந்தது அதைத் திறப்பதும் மூடுவதும் மட்டும்தான். ஆய்வுகூடத்தில் என் வேலை, ஒவ்வொரு நாள் காலையும் ஒரு வீட்டைக் குழப்பி வைப்பது.

அதற்கு முந்திய பதினான்கு வருடங்களும் இதற்கு நேர் எதிரான வேலை. இந்தக் குளிர் நாட்டுக்கு வந்ததும் ரெக்ஸ்டேல் என்ற இடத்தில், விமான நிலையத்துக்குக் கிட்ட ஒரு ஹோட்டலில் அறைகளைத் துப்புரவு செய்தேன். கட்டில் விரிப்பில் ஒரு சுருக்கம் இருக்கக் கூடாது, துவாயின் மடிப்பு வெளியே தெரியக் கூடாது, கண்ணாடியில் விரல் அடையாளம் இருக்கக் கூடாது. அதைப் பற்றி இதற்கு மேல் எழுதினால் எனக்கே கொட்டாவி வரும். முழங்கால்கள் இரண்டும் இனிக் குனியமாட்டோம் என்று சொன்னபோது, எங்கள் தேவாலயத்தில் பாட்டுக்குழுவில் பாடும் ஒரு பெண் ஒரு விளம்பரத்தைக் காட்டினாள். வீட்டுப் பராமரிப்பில் அனுபவம் வேண்டும், கணினி அறிவு தேவையில்லை என்று போட்டிருந்தது. எனக்கென்றே எழுதியது போல இருந்தது.

நேர்முகத் தேர்வுக்குப் போனால் அது ஒரு பெரிய கிடங்கு. உள்ளே கூரை இல்லாமல் ஒரு முழு வீடு கட்டியிருந்தார்கள். குசினி, முன்னறை, படுக்கையறை, குளியலறை எல்லாம் உண்டு. அதன் வாசலில் நரைத்த கட்டைத் தலைமயிரோடு ஒரு பெண், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். டொக்டர் ஷிரீன். ஈரானில் பிறந்தவர். ஆய்வுகூடத்துக்கு அவர்தான் தலைவர். முதலில் என் சப்பாத்தைக் கழற்றச் சொன்னார். "இது பொய் வீடுதான், ஆனாலும் வீடு" என்றார். பிறகு, "ஒரு தாய், தகப்பன், இரண்டு பிள்ளைகள் இப்போதுதான் அவசரமாக வெளிக்கிட்டுப் போனது போல இதை ஆக்குங்கள்" என்றார்.

ஹோட்டல் அறைகளில் நான் பார்க்காத குழப்பமா? இருபது நிமிடம் எடுத்தேன். பால் மிச்சமிருக்கும் கோப்பை, கட்டிலில் ஈரத் துவாய், சப்பாத்துக்குள் விளையாட்டுக் கார், சோபாவுக்கு அடியில் ஒற்றைக் காலுறை. டொக்டர் ஷிரீன் மெதுவாகச் சுற்றி வந்தார். முழங்காலிட்டுச் சோபாவுக்கு அடியில் பார்த்தார்.

"மற்றக் காலுறை எங்கே?" என்று கேட்டார்.

"வோஷிங் மெஷினுக்குள்ளே. மேல் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு இருக்கும். அது எப்போதும் அங்கேதான் இருக்கும்" என்றேன்.

அவர் போய்த் திறந்து பார்த்தார். சிரிக்கவில்லை. திங்கட்கிழமை வரச் சொன்னார்.

டொக்டர் ஷிரீனைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. ரோபோவை யாராவது மடையன், முட்டாள் என்று சொன்னால் அன்றைய தேத்தண்ணிக் கோப்பைகளை அப்படிச் சொன்னவர்தான் கழுவ வேண்டும். யாரையும் பாராட்டவும் மாட்டார். நாங்கள் எழுதும் பதிவுப் புத்தகத்தை ஒவ்வொரு நாளும் வாசிப்பார், ஆனால் ஒரு சரி அடையாளம் கூடப் போட மாட்டார். வகுப்பில் முதலாவதாக வந்தும் தகப்பன் வாய் திறக்காத பிள்ளை போல நாங்கள் எல்லோரும் அந்தப் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டு இருப்போம்.

அந்தப் புத்தகத்தில் ஒரு பக்கத்துக்கு நாலு பத்தி. என்ன வேலை கொடுத்தோம், ரோபோ என்ன செய்தது, எவ்வளவு நேரம் எடுத்தது. நாலாவது பத்தியின் தலைப்பு, 'அது என்ன நம்பியது?' ரோபோ பிழைவிட்டால் உடனே அந்தப் பத்தியை நிரப்ப வேண்டும். நிரப்பாமல் தேத்தண்ணி குடிக்கக் கூடாது. எனக்கு ஆங்கிலத்தில் எழுத வராது என்றேன். தமிழில் எழுதுங்கள், கபிலன் மொழிபெயர்ப்பான் என்றார். கபிலன் இங்கே பிறந்து வளர்ந்த எஞ்சினியர். பாவம், என் கையெழுத்தை வாசித்தே அவனுக்குத் தமிழ் திருந்தியது.

ரோபோ என் தோள் உயரம். கால்களுக்குப் பதில் சில்லுகள். இரண்டு கைகள், கைக்கு மூன்று விரல்கள். ஒரு வேலையைச் சொன்னால் அதைப் படிகளாகப் பிரித்து, சுற்றிவரப் பார்த்து, தானே யோசித்துச் செய்ய வேண்டும். முதல் வருடம் ஒருநாள், "மேசையைத் துப்புரவாக்கு" என்று சொன்னோம். நான் பாதி குடித்து வைத்திருந்த தேத்தண்ணியைக் கொண்டுபோய்ச் சிங்கில் ஊற்றிவிட்டது. எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சம் இல்லை. டொக்டர் ஷிரீன் வந்து நின்று, "அது என்ன நம்பியது?" என்று கேட்டார். ஆறிய தேத்தண்ணி குப்பை என்று நம்பியது. சரி, அது குப்பை இல்லை என்று உங்களுக்கு எப்படித் தெரியும் என்றார். எனக்குத் தெரியும், ஏனென்றால் பக்கத்தில் என் மூக்குக்கண்ணாடி இருக்கிறது, கதிரை பின்னுக்குத் தள்ளியிருக்கிறது, நான் திரும்பி வரப் போகிறேன். அதை அப்படியே எழுதினேன். கபிலனும் மற்றவர்களும் மூன்று கிழமை மண்டையை உடைத்தார்கள். பிறகு ரோபோ ஒரு கோப்பையைப் பார்த்தால் கதிரையையும் பார்க்கத் தொடங்கியது. மூக்குக்கண்ணாடி பக்கத்தில் இருந்தால் கோப்பையைத் தொடாது. அன்று நான் இரண்டு தேத்தண்ணி குடித்தேன்.

இப்படியே ஒன்பது வருடம் போனது. எங்கள் பொய் வீட்டில் ரோபோ ராசா போல வேலை செய்தது. இனி உண்மையான வீட்டுக்குப் போகலாம் என்று முடிவெடுத்தார்கள்.

அந்த வீடு பாலச்சந்திரன் அண்ணையுடையது. டோர்செட் பார்க் என்ற பகுதியில் ஒரு அடுக்குமாடிக் கட்டிடம், ஆறாம் மாடி. நானும் இரண்டு தெரு தள்ளித்தான் இருக்கிறேன். பாலா அண்ணை பேக்கரிப் பாண் டெலிவரி வான் ஓட்டியவர். பக்கவாதம் வந்து இடது கையும் காலும் இழுத்துவிட்டன. மனைவி காலமாகிவிட்டார், பிள்ளைகள் இல்லை. காலையில் மட்டும் ஒரு உதவியாளர் வந்து போவார். அது போதாது, வீட்டில் வேறு உதவி இல்லாவிட்டால் பராமரிப்பு இல்லத்துக்குப் போகத்தான் வேண்டும் என்று அவருக்குப் பொறுப்பான சமூக சேவை அலுவலர் சொல்லியிருந்தார். இடம் கிடைத்திருந்த இல்லம் இரண்டு மணி நேர ஓட்டத் தூரத்தில் ஒரு ஊரில். ரோபோவால் சமாளிக்க முடியும் என்று நாங்கள் காட்டினால் அவர் வீட்டிலேயே இருக்கலாம்.

"அங்க போனா ஆர் தங்கச்சி வருவினம்?" என்று முதல் நாளே என்னிடம் கேட்டார். "சனிக்கிழமையில நாங்கள் நாலு பேர் இஞ்ச இருந்து முந்நூற்றி நாலு எண்டு சீட்டு விளையாடுறனாங்கள். இருபது வருசமா. நாலு பேர் இல்லாமல் அந்தக் காட்ஸ் விளையாடேலாது. நான் போனா மற்ற மூண்டு பேரும் சும்மா இருந்தே செத்துப்போவாங்கள்."

ரோபோவுக்கு அவர் வைத்த பெயர் தம்பி. முதல் இரண்டு நாளும் தம்பி அசத்தியது. மூன்றாம் நாள் காலை அவருக்குப் பொரித்த இறைச்சி ரோல்ஸ் சாப்பிட ஆசை வந்தது. மைக்ரோவேவில் வைத்தால் சவசவத்துப் போகும், ஓவனில்தான் வைக்க வேண்டும் என்றார். கபிலன் தம்பியிடம் சொன்னான். நான் முன்னறையில் பாலா அண்ணையோடு கதைத்துக்கொண்டு இருந்தேன். தம்பி ஓவனை முன்கூட்டியே சூடாக்கப் போட்ட சத்தம் எனக்குக் கேட்டது, கதைச் சுவாரசியத்தில் நான் யோசிக்கவில்லை. சமையல் புத்தகத்தில் அப்படித்தான் இருக்கும், முதலில் சூடாக்கு, பிறகு திற.

வாசிக்கிறவர்களில் எங்கள் ஆட்கள் இருந்தால் இப்போதே தலையில் கை வைத்திருப்பார்கள். எங்கள் வீடுகளில் ஓவன் வெறுமையாக இருக்குமா? பாலா அண்ணையின் ஓவனுக்குள் இரண்டு சட்டி, ஒரு தோசைக்கல், அரிசி கழுவும் பிளாஸ்ரிக் பேசின், மூடி தொலைந்த பிளாஸ்ரிக் டப்பாக்கள், கடைப் பைகளை அடைத்த இன்னொரு கடைப் பை. பத்து நிமிடத்தில் கறுப்புப் புகை வந்தது. கட்டிடம் முழுக்க அலாரம் அடித்தது. லிப்ட் நின்றுவிட்டது. தை மாதக் குளிரில் சனம் செருப்போடும் போர்வையோடும் கீழே நிற்க, தீயணைப்புக்காரர் இருவர் பாலா அண்ணையை ஒரு கதிரையில் இருத்தி ஆறு மாடியும் தூக்கிக்கொண்டு வந்தார்கள். நான் பின்னால் அவருடைய தொப்பியைப் பிடித்தபடி இறங்கினேன். என் வாழ்க்கையில் அப்படி வெட்கப்பட்டதில்லை.

கீழே வந்து நின்றும் என் அழுகை நிற்கவில்லை. அவர்தான் எனக்கு ஆறுதல் சொன்னார்.

"ஏன் அழுறியள்? பிளாஸ்ரிக்கை உள்ளுக்க வைச்சது நானெல்லோ. தம்பியில பிழை இல்லை."

அலுவலர் சோதனையை நிறுத்தினார். கட்டிட மனேஜர் இனி அந்த இயந்திரம் வாசலுக்கே வரக் கூடாது என்றார். அடுத்த நாள் ஆய்வுகூடத்தில் எல்லோரும் மேசையைச் சுற்றி இருந்தோம். சூட்டுமானி, புகைமானி, காமெரா என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். டொக்டர் ஷிரீன் பதிவுப் புத்தகத்தை என் பக்கம் தள்ளினார். நாலாவது பத்தி வெறுமையாக இருந்தது.

"அது என்ன நம்பியது?"

"ஓவன் வெறுமையாக இருக்கும் என்று."

"ஏன் அப்படி நம்பியது?"

"ஒன்பது வருடமாக நான் ஒருநாளும் அதற்குள் ஒன்றும் வைக்கவில்லை" என்றேன். "என் வீட்டு ஓவனுக்குள்ளும் சட்டிதான் இருக்கிறது, டொக்டர். ரோல்ஸ் வைக்க முன் ஒவ்வொரு முறையும் எல்லாவற்றையும் வெளியே எடுக்கிறேன். ஆனால் இங்கே வந்து நான் குழப்பியது என் வீட்டை இல்லை, ஹோட்டலையும் சஞ்சிகையில் வரும் வீட்டையும்தான். எங்கள் வீட்டுக் குழப்பத்தை உங்களுக்குக் காட்ட வெட்கமாக இருந்தது."

அதுதான் உண்மை. பிழை தம்பியில் இல்லை, பாலா அண்ணையிலும் இல்லை. டொக்டர் ஷிரீன் எழும்பித் தன் குளிர்க் கோட்டை மாட்டினார்.

"உங்கள் வீட்டைப் பார்க்கலாமா?"

அவரும் கபிலனும் இன்னும் மூன்று எஞ்சினியர்களும் என் குசினிக்குள் நெருக்கி நின்றார்கள். நான் ஒவ்வொன்றாகத் திறந்து காட்டினேன். ஓவனுக்குள் சட்டி. டிஷ்வாஷரை வாங்கிய நாளில் இருந்து ஓட்டவில்லை, கையால் கழுவிய பீங்கான்களை அதற்குள் காயவைக்கிறேன். பிஸ்கற் டின்னுக்குள் ஊசியும் நூலும். பால்மா டின்னுக்குள் சீனி. ஐஸ்கிரீம் டப்பாவுக்குள் வெட்டிக் கழுவிய மீன். கபிலன், "எங்கட அம்மாவும் இதேதான், அன்ரி. நான் ஏன் யோசிக்கேல்லை?" என்று தலையில் அடித்துக்கொண்டான். டொக்டர் ஷிரீன் ஓவனுக்கு முன்னால் முழங்காலிட்டு உள்ளே பார்த்தார். "என் அம்மா பழைய பாண் துண்டுகளைப் பையில் கட்டி இதற்குள் வைப்பார். அதைச் சொல்ல எனக்கும் வெட்கமாக இருந்திருக்கிறது" என்றார். அவர் சிரித்து நான் கண்ட முதல் நாள் அது.

அன்றிலிருந்து பொய் வீட்டை உண்மையான வீடாகக் குழப்பத் தொடங்கினேன். வெறியோடு குழப்பினேன் என்றே சொல்லலாம். ஒரு டப்பாவிலும் அதன் வெளியில் எழுதியிருந்தது உள்ளே இருக்கவில்லை. அதன் பலன் வேறு விதமாக வந்தது. ரோபோவுக்குப் பயம் பிடித்துவிட்டது. இதற்குள் என்ன இருக்கிறது, இதைத் திறக்கலாமா, இந்தப் பிரிட்ஜ் பிரிட்ஜ்தானா என்று ஒரு காலைப் பொழுதில் நாற்பத்தொரு கேள்வி கேட்டது. கபிலன் காதைப் பொத்திக்கொண்டான்.

"அன்ரி, சீரியஸ்லி, உதுக்குப் பதில் சொல்லுற நேரத்துக்கு பாலா அங்கிள் தானே எழும்பி ஒற்றைக் கையால சமைச்சிடுவார்."

அந்தச் சனிக்கிழமை எங்கள் தேவாலயத்தைச் சேர்ந்த ஒருவரின் அடக்கம் முடிந்து, சனம் அவர் வீட்டுக்குத் திரும்பியிருந்தது. ஐம்பது அறுபது பேர். அந்த வீட்டுக் குசினியில் நான் அதற்கு முன் கால் வைத்ததே இல்லை. ஆனால் செத்தவீட்டில் தேத்தண்ணி போட யாரும் யாரையும் அழைப்பதில்லை. வருகிற பெண்களில் இரண்டு மூன்று பேர் நேரே குசினிக்குள் போய்விடுவோம். புருஷனைப் பறிகொடுத்தவளிடம் போய்ச் சீனி எங்கே, கோப்பை எங்கே என்று கேட்க முடியுமா? அடுப்புக்குப் பக்கத்து அலுமாரியைத் திறந்தேன், தேயிலை இருந்தது. மேல் தட்டில் கோப்பைகள். ஓவனைத் திறந்தேன், தண்ணீர் கொதிக்க வைக்கும் பெரிய கேத்தில் இருந்தது. வெள்ளைத் தூளோடு இரண்டு போத்தல் இருந்தன, எது சீனி என்று பார்க்க ஒரு விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன். முடிந்து எல்லாவற்றையும் எடுத்த எடுத்த இடத்தில் வைத்தேன், ஏனென்றால் நாளைக்கு அவள் அந்தக் குசினியில் தனியாக நிற்கப் போகிறாள்.

ஈரக் கையோடு அப்படியே நின்றுவிட்டேன். நாங்கள் ஒன்பது வருடமாகத் தேடியது இதுதான். பக்கத்தில் நின்ற பெண், "என்னக்கா, காலில பிடிச்சிட்டுதோ?" என்று கேட்டாள். "இல்லைப் பிள்ளை, தலையில பிடிச்சிட்டுது" என்றேன்.

திங்கட்கிழமை டொக்டர் ஷிரீனிடம் சொன்னேன். திறந்து பார்த்தால் நட்டமில்லை என்றால் கேட்காமல் திறந்து பார். பார்த்துத் தெரியாததை, பிழைத்தால் திருத்த முடியாததை மட்டும் கேள். அதையும் ஒரு முறை கேள், பிறகு மறக்காதே. எடுத்ததை எடுத்த இடத்தில் வை. அவர் வெண்பலகையில் எழுதினார். பிறகு, "இதற்கு ஒரு பரீட்சை வைப்போம். பெயர் என்ன?" என்று கேட்டார். கபிலன் எழும்பிப்போய்த் தமிழில் எழுதினான்.

பரீட்சை இதுதான். ரோபோ முன்பின் காணாத ஒரு குசினி. முன்னறையில் வீட்டுக்காரி அழுதுகொண்டு இருப்பாள். நாலு பேருக்குத் தேத்தண்ணி போட வேண்டும். வீட்டுக்காரியிடம் ஒரேயொரு கேள்வி கேட்கலாம். வீட்டுக்காரி நான்தான். என் அழுகையைப் பார்த்து வேறு ஆய்வுகூடத்துக்காரர் ஓடிவந்த கதையும் உண்டு. முதல் முறை ரோபோ தன் ஒரே கேள்வியைக் கோப்பை எங்கே என்று கேட்டு வீணாக்கிவிட்டு, உப்பைப் போட்டுத் தேத்தண்ணி கொண்டுவந்தது. கபிலன் ஒரு மிடறு குடித்துவிட்டு அதை எங்கே துப்புவது என்று தெரியாமல் நின்றான். டொக்டர் ஷிரீன் தன் கோப்பையை முழுவதும் குடித்தார். பிறகு வழக்கமான கேள்வியைக் கேட்டார்.

ஒவ்வொரு நாளும் நான் குசினியை மாற்றுவேன், ஒவ்வொரு நாளும் அது எங்கேயாவது தோற்கும். பனி கரையத் தொடங்கிய ஒரு காலை, ரோபோ அலுமாரிகளைத் திறந்து பார்த்தது, கோப்பைகளைத் தானே கண்டுபிடித்தது, ஓவனைத் திறந்து கேத்திலை எடுத்தது, பிறகு ஒரு வெள்ளைப் போத்தலைத் தூக்கிக்கொண்டு என் முன்னால் வந்து நின்றது. கபிலன் அதற்குத் தமிழும் பழக்கியிருந்தான். "மன்னிக்கவும். இது சீனியா?" என்று கேட்டது. அழுது நடித்துக்கொண்டு இருந்தவள் உண்மையாகவே அழுதேன்.

அலுவலரை டொக்டர் ஷிரீன்தான் போய்ப் பார்த்தார். என்ன சொன்னாரோ தெரியாது. ஒரேயொரு சந்தர்ப்பம் தந்தார்கள். சனிக்கிழமை பின்னேரம், அலுவலரும் கட்டிட மனேஜரும் பார்த்திருக்க, அதே ஓவனில் அதே ரோல்ஸ். அவசரத்துக்கு நிறுத்தும் சிவப்புப் பொத்தான் என் கையில் இருக்கும். நான் அதை அமத்தினால் சோதனை தோல்வி, பாலா அண்ணை இல்லத்துக்குப் போக வேண்டும்.

சனிக்கிழமை என்றபடியால் அவருடைய கூட்டாளிகள் மூவரும் வந்திருந்தார்கள். அத்தனை கால்களிலிருந்தும் கழன்ற சப்பாத்துகளால் வாசல் நிரம்பிவிட்டது. தம்பியிடம் வேலை சொல்லப்பட்டது. அது நேரே ஓவனுக்குப் போய்க் கதவைத் திறந்தது. உள்ளே பார்த்தால், அம்மாவாணை, திரும்பவும் எல்லாம் இருக்கிறது! சட்டி, தோசைக்கல், ஒரு புதுப் பிளாஸ்ரிக் பேசின், ஒரு பழைய பிஸ்கற் டின். கட்டிடத்துக்கே நெருப்பு வைக்கப் பார்த்தும் மனிதனுக்குப் பழக்கம் போகவில்லை. நான் பாலா அண்ணையை முறைத்தேன். அவர் யன்னலைப் பார்த்தார்.

தம்பி ஒவ்வொன்றாக வெளியே எடுத்து மேடையில் அடுக்கியது. பிஸ்கற் டின்னை மட்டும் தூக்கிக்கொண்டு முன்னறைக்கு வந்தது.

"இதனுள் என்ன உள்ளது?"

"உது என்ன, றேடியோவில செய்தி வாசிக்கிற மாதிரி?" என்றார் கூட்டாளி ஒருவர்.

"காட்ஸ், தம்பி. எங்கட காட்ஸ்தான்" என்றார் பாலா அண்ணை. பிறகு கூட்டாளிகளைக் காட்டி, "இவங்கள் அதில அடையாளம் போடுவாங்களெண்டு ஒளிச்சு வைச்சனான்" என்றார்.

தம்பி டின்னை அவருக்கு முன்னால் மேசையில் வைத்தது. திரும்பிப் போய் ஓவனைச் சூடாக்கியது. ரோல்ஸை வைத்தது. மொறுமொறு என்று எடுத்தது. தட்டில் அடுக்கிக் கொண்டுவந்து கொடுத்தது. கபிலன் என்னைப் பார்த்துச் சிரித்தான். முடிந்துவிட்டது என்று நானும் மூச்சு விட்டேன்.

அப்போது தம்பி குசினிக்குத் திரும்பிப் போனது. மேடையில் இருந்த பிளாஸ்ரிக் பேசினை எடுத்தது. ஓவனை நோக்கிப் போனது.

எடுத்ததை எடுத்த இடத்தில் வை. அதை அதற்கு அடித்துப் பழக்கியவள் நான். ஓவன் இன்னும் நெருப்பாய்க் கொதித்துக்கொண்டு இருந்தது. பெருவிரல் தானாகச் சிவப்புப் பொத்தானில் ஏறியது. அமத்தினால் பாலா அண்ணையின் வீடு போகும். அமத்தாவிட்டால் திரும்பவும் புகை, அலாரம், ஆறு மாடி. பக்கத்தில் டொக்டர் ஷிரீன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். என் விரலைப் பார்த்தார்.

"பொறுங்கள்" என்றார் மெதுவாக. "அது என்ன நம்புகிறது என்று பார்ப்போம்."

தம்பி ஓவன் கதவை ஒரு சாண் அளவு திறந்தது. நின்றது. கையை ஓவன் வாய்க்குக் கிட்டக் கொண்டுபோய்ச் சூட்டைப் பார்த்தது. கதவை மூடியது. பேசினைத் திரும்ப மேடையில் வைத்தது.

"சூடாக உள்ளது. ஆறிய பின் வைக்கிறேன்" என்றது.

இதை யாரும் அதற்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. சூடு பிளாஸ்ரிக்கை உருக்கும் என்று தனியாகப் பழக்கினோம், எடுத்த இடத்தில் வை என்று தனியாகப் பழக்கினோம். இரண்டையும் சேர்த்து, பொறுத்திரு என்று முடிவெடுத்தது தம்பியேதான். கபிலன் சத்தம் போட்டுத் துள்ளினான். நான் சிவப்புப் பொத்தானை மேசையில் வைத்துவிட்டுக் கதிரையில் இருந்தேன்.

அதோடும் முடியவில்லை. அலுவலரையும் மனேஜரையும் ரோல்ஸ் சாப்பிடாமல் போக விடமாட்டோம் என்று கூட்டாளிகள் மறித்துவிட்டார்கள். தேத்தண்ணி வந்தது. சீட்டுக் கலைத்து விளையாட்டுத் தொடங்கியது. மனேஜர் யாரிடம் துரும்புச் சீட்டு என்று எட்டிப் பார்த்துக்கொண்டு இருந்தார். முக்கால் மணி நேரம் போயிருக்கும், எல்லோரும் தம்பியை மறந்துவிட்டோம். அது மூலையில் இருந்து தானாகப் புறப்பட்டுக் குசினிக்குப் போனது. ஓவனைத் திறந்து, சூட்டைப் பார்த்து, சட்டி, தோசைக்கல், பேசின் என்று முதல் இருந்த ஒழுங்கிலேயே வைத்து மூடியது. பிஸ்கற் டின்னைத் தேடி மேசைக்கு வந்தது. நாலு பேர் கையிலும் சீட்டு இருந்ததைப் பார்த்தது. டின்னைத் தொடாமல் திரும்பிப் போனது.

அலுவலர் கையில் பாதி ரோல்ஸோடு இதைப் பார்த்துக்கொண்டு இருந்தார். "அதை யார் இப்போது செய்யச் சொன்னது?" என்று கேட்டார்.

"ஒருவரும் சொல்லவில்லை" என்றார் டொக்டர் ஷிரீன்.

அலுவலர் பாலா அண்ணையின் பத்திரங்களை எடுத்து எதையோ வெட்டி எழுதினார். பிறகு பாலா அண்ணையிடம், அந்த இல்லத்தில் வைத்திருந்த இடத்தை வேறு ஒருவருக்குக் கொடுக்கச் சொல்லிவிடுகிறேன் என்றார். கபிலன் அதைத் தமிழில் சொன்னான். பாலா அண்ணைக்கு விளங்காமல் இல்லை. இருந்தாலும் இரண்டாம் தரம் சொல்லச் சொல்லிக் கேட்டார். பிறகு நல்ல கையால் கண்ணைத் துடைத்துவிட்டு, "டேய், ஆற்ற இறக்கம்? ஆர் அடுத்த சீட்டுப் போடுறது?" என்று கேட்டார்.

இன்றைக்கு அதே கட்டிடத்தில் மட்டும் நாலு வீட்டில் தம்பியின் தம்பிகள் வேலை செய்கின்றன. இப்போது கணினிக்குள்ளேயே ஆயிரம் வீடுகளைக் குழப்பிப் பழக்குகிறார்களாம். நல்லது, செய்யட்டும். ஆனால் அந்த ஆயிரம் வீட்டு ஓவனுக்குள்ளும் சட்டி வைத்திருக்கிறார்களா என்று நான் கபிலனிடம் கேட்டேன். "முதல் வேலையா அதைத்தான் வைச்சனாங்கள், அன்ரி" என்றான்.

அன்று சோதனை முடிந்து பாலா அண்ணையின் வீட்டு வாசலில் நான் சப்பாத்துப் போடக் குனிந்தபோது டொக்டர் ஷிரீன் பதிவுப் புத்தகத்தை என்னிடம் நீட்டினார். இன்றைக்கு ஒரு பிழையும் இல்லையே, நாலாவது பத்தியில் என்ன எழுத என்று கேட்டேன். "பிழை இல்லாவிட்டாலும் அது எதையோ நம்பியிருக்கும்" என்றார். சுவரில் வைத்துத் தமிழில் எழுதினேன்: 'இது பாலா அண்ணையின் வீடு என்று நம்பியது.'

அவர் கபிலனிடம் மொழிபெயர்ப்புக் கேட்டார். கேட்டுவிட்டுத் தன் சட்டைப் பையில் இருந்து பேனாவை எடுத்து, அந்த வரிக்குப் பக்கத்தில் ஒரு சரி போட்டார்.